கழித்த கன்றுகள்

சென்ற வாரம் நித்தியாவை நர்சரி வேலியோரம் நிறுத்திவிட்டுப் பிரிந்தோம். அவள் அங்கேயே நிற்கவில்லை. நடுவில் வீட்டுக்குப் போனாள், குளித்தாள், சாப்பிட்டாள். கதையில் வருகிறவர்களுக்கும் பசி உண்டு.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏழாங்கட்டைத் தோட்டம், கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில் இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் தஞ்சோங் காராங் வயல்கள். அந்தத் தோட்டத்துக் கொசு ஒன்று ஒருமுறை ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டியது. கோழி திரும்பவில்லை. கொசு திரும்பி வந்து, இன்னொன்று இருக்கிறதா என்று விசாரித்தது.

அப்பேர்ப்பட்ட தோட்டத்தில் நர்சரி மண்டோர், அதாவது கங்காணி, முருகையா. செம்பனைக் கன்றுகளைக் கறுப்புப் பைகளில் வளர்த்து நடவுக்கு அனுப்பும் இடம்தான் நர்சரி. அவருடைய ஒரே மகள் நித்தியா, வேளாண் கல்லூரியில் டிப்ளோமா கடைசிப் பருவம். கல்லூரி ஐந்து மாணவர்களை ஒரு குழுவாக்கி, அதே நர்சரியில் ஒரு பகுதியைப் பயிற்சிக்காகக் கொடுத்திருந்தது. தண்ணீர், உரம், பூச்சி, முடிவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. குழுவுக்குத் தலைவி நித்தியா. மண்டோர் மகள் என்பதற்காக அல்ல, சண்டை வந்தால் கடைசியில் பேசுகிறவள் என்பதற்காக மற்ற நால்வரும் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை, கம்பெனியின் நர்சரிகளுக்கெல்லாம் பெரியவரான அர்ஜுனன் கோலாலம்பூரிலிருந்து வருகிறார். குழுவின் வேலை அவருக்குத் திருப்தியானால், தலைவியைப் பயிற்சி மேற்பார்வையாளராக எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்த யாரும் இதுவரை அந்த வேலைக்குப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் கன்று கழித்தார்கள். ஒல்லி இலை, சுருண்ட இலை, உச்சி தட்டையானது, விறைத்து நிற்பது என்று தேறாத கன்றுகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நாடா கட்டி, கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். அர்ஜுனன் கண்ணால் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்பது நித்தியாவின் ஏற்பாடு. வரிசைகளில் காலி இடங்களை அப்படியே விட்டார்கள். எந்த வரிசையில் எவ்வளவு கழிந்தது என்று அந்தக் காலி இடங்கள்தான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஐவரும் தஞ்சோங் காராங்கில், அஃப்சானாவின் அத்தா கைருதீனின் உணவுக்கடையில் உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசிப் பழகினார்கள். அஃப்சானா அந்தக் குழுவில் ஒருத்தி. அவள் அத்தா மீன் கறியோடு கேள்விகளையும் பரிமாறினார்.

இனி திங்கட்கிழமை.

*

காலையில் நித்தியாவின் அம்மா நவமணி கணவரின் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை வலுவுள்ளவள். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறைகளைப் பிரித்தெடுக்கும் வேலை அவளுக்கு. முருகையா சத்தம் போடாமல் பல்லைக் கடித்தார். என்ன ஆச்சு என்று நித்தியா கேட்டதற்கு, வாளியைத் தூக்கினேன், பிடித்துக்கொண்டது என்றார்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நர்சரிப் பேச்சு வாசற்படி ஏறக்கூடாது. அப்பன் சொல்லிக்கொடுத்து மகள் மார்க் வாங்கினாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக்கூடாது என்று முருகையாதான் அந்த வழக்கத்தை ஏற்படுத்தினார். நித்தியாவுக்கும் அது மானமாகத்தான் பட்டது. பயிற்சி தொடங்கியதிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே வேலிக்குள் வேலை செய்து, வீட்டில் மீன் விலையை மட்டும் பேசினார்கள்.

நர்சரிக்கு முதலில் போனவள் நித்தியாதான். வேலிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை அந்த வரிசைகள் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. இப்போது ஒரு பல் குறையவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். கழித்த கன்றுகளில் பாதிக்கு மேல் இல்லை. மிச்சமிருந்தவை துண்டு துண்டாக வெட்டிக் கிடந்தன. வெட்டின வாடையில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு நாடாக்களை யாரோ ஒன்றுவிடாமல் அவிழ்த்து, சுருட்டி, ஓர் ஆணியில் அழகாக மாட்டியிருந்தார்கள்.

அஃப்சானாவும் செல்வாவும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். செல்வா வரிசைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டான்.

"செம லா. ஃபுல்லா இருக்கு. யாரு செஞ்சா?"

பதில் தேவைப்படவில்லை. பைகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. அந்தத் தோட்டத்தில் அப்படி அடுக்குகிறவர் ஒருவர்தான். முருகையா அடுக்கிய வரிசையில் வசித்த ஒரு தேரை, வளைந்து குதிப்பது எப்படி என்பதையே மறந்துபோய், கடைசிவரை நேராகவே வாழ்ந்து செத்தது என்பார்கள். தேரையின் குடும்பத்தார் இதை மறுக்கவில்லை.

நித்தியா செல்வாவைத் திரும்பிப் பார்த்தாள். காலி இடங்களைத் தொடக்கூடாது, கொட்டகைக் கன்றுகளை வெட்டக்கூடாது என்று மண்டோரிடம் சொல்லிவிடு என்று வெள்ளிக்கிழமை அவனைத்தான் அனுப்பியிருந்தாள்.

"மண்டோர்கிட்ட என்னா சொன்ன?"

செல்வா காலால் மண்ணைக் கிளறினான். முருகையாவைக் கண்டால் அவனுக்கு நடுக்கம். ஒருமுறை அவர் தும்மியதற்கு இவன் மன்னிப்புக் கேட்டவன்.

"திங்கட்கிழமை பெரியவர் வர்றார், அங்கிள்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவர் பார்த்தார். நான் வந்துட்டேன்."

*

முருகையா நீர் இறைக்கும் பம்புக்குப் பக்கத்தில் குழாய் மூட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த விதத்தில் முதுகு எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. ஆனால் முகத்தில் ஒரு நிறைவு. பிறந்தநாள் பரிசைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர் முகம்.

"பார்த்தியா?"

"ஏன்ப்பா தொட்டீங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மண்டோரான காலத்தில், வரிசையில் ஒரு பை இல்லையென்றால் கன்று செத்துவிட்டது என்று அர்த்தம். செத்தால் மண்டோர் தண்ணீர் விடவில்லை என்று அர்த்தம். பெரட்டில், அதாவது விடியலில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கிற இடத்தில், எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து அதைக் கேட்பார்கள். கழித்தாலும் அன்றைக்கே வரிசையை மூடிவிட வேண்டும். அவர் பொறுப்பில் காலி இடம் ராத்திரி தங்கியதில்லை. பெரியவர் வருகிறார் என்றால் எந்த மண்டோரும் முதலில் செய்வது இதைத்தான்.

"இவ்வளவு ஓட்டையைப் பார்த்தா, பொண்ணு தண்ணி ஊத்தாம சாகடிச்சுட்டான்னு நெனைப்பார்லம்மா."

"அது சாகலப்பா. நாங்க கழிச்சது."

"கழிச்சதுன்னு தெரியாதா எனக்கு? சுருண்டது, கோணலு எல்லாத்தையும் நானே வெட்டிட்டேன். நல்லதா இருந்ததத்தான் தூக்கி வெச்சேன். மிச்ச ஓட்டையை மத்த பையை நகர்த்தி மூடிட்டேன்."

"எது நல்லது?"

"பச்சையா, கம்பீரமா நிமிர்ந்து நிக்குதே, அது."

நித்தியா கண்ணை மூடித் திறந்தாள். அவர்கள் வாக்குவாதம் பண்ணி, தேடித் தேடிக் கழித்ததே அந்தக் கன்றுகளைத்தான்.

"விறைச்சு நிக்கிறதுதான்ப்பா காய்க்காது. உரத்தைத் தின்னுட்டு உயரமா வளரும். குலை வைக்காது. இருபத்தஞ்சு வருஷம் அந்த இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும்."

தோட்டத்தில் அப்படி மலடாக நிற்கும் மரங்களை முருகையாவுக்குத் தெரியும். மண் கோளாறு என்று சொல்லித்தான் எல்லாரும் பழகியிருந்தார்கள். அவர் பார்வை மகளைத் தாண்டி, தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கைவண்டியில் தள்ளித் தள்ளி நிரப்பிய வரிசைகளில் போய் நின்றது. ஒவ்வொரு பையும் ஒரு சின்னக் குழந்தை கனம்.

"எடுத்துடலாம்," என்றார். "இப்பவே எடுத்துடலாம்."

அதற்குள் வேலிக்கு வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

அர்ஜுனன் காரிலிருந்து இறங்கி பூட்ஸ் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன இடைவெளியில் குழு கூடிப் பேசியது. செல்வாவின் கட்சி எளிமையானது. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? வரிசை நிறைந்திருக்கிறது, கன்றுகள் பச்சையாக இருக்கின்றன, பெரியவர் பார்த்துவிட்டுப் போகட்டும். சாயங்காலம் நாமே கழித்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

அஃப்சானா அவனை முறைத்தாள். கழித்ததைக் காட்டத்தானே வெள்ளிக்கிழமை முழுக்க முதுகு ஒடிய உழைத்தோம் என்றாள். இல்லாவிட்டால் யாரோ உள்ளே புகுந்து மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம், பேர் சொல்ல வேண்டாம் என்றாள். அதைச் சொல்லும்போது நித்தியாவைப் பார்க்கவில்லை.

நித்தியா இரண்டையும் கேட்டாள். அர்ஜுனனைப் பார்த்து முன்னால் நடந்தாள்.

அர்ஜுனன் சின்ன உருவம், சின்னக் குரல். அன்றைய வெயிலில் தூவல் குழாயிலிருந்து கிளம்பிய தண்ணீர் பாதி வழியிலேயே மனம் மாறி ஆவியாகிவிட்டது. அவர் மட்டும் வியர்க்காமல் நடந்தார். தோட்டத்து மேனேஜர் இரண்டடி பின்னால் வந்தார். முருகையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பம்புக் கொட்டகையோரம் நின்றார்.

முதல் வரிசையின் தொடக்கத்தில் நின்று அர்ஜுனன் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கடைசிவரை பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமான வரிசையை நான் சமீபத்துல எங்கேயும் பார்க்கல," என்றார். "நல்லா வெச்சிருக்கீங்க."

செல்வாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. மேனேஜர் தலையாட்டினார். தூரத்தில் முருகையாவின் தோள்கள் லேசாக நிமிர்ந்தன. அந்த வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும்.

நித்தியா சும்மா இருந்திருந்தால் அன்றைய நாள் அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும்.

"சார், இந்த வரிசையை நாங்க வைக்கல," என்றாள்.

அர்ஜுனன் திரும்பினார்.

அவள் ஒழுங்காகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கழித்தது, எதற்காகக் காலி இடம் விட்டது, காலையில் வந்து பார்த்தது. இந்த வரிசைகளில் காய்க்காத கன்றுகள் கலந்திருக்கின்றன, இப்படியே நடவுக்குப் போகக்கூடாது என்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யார் வெச்சது?"

"மண்டோர்."

"பேரு?"

நித்தியா பம்புக் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"முருகையா. எங்க அப்பா, சார்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அஃப்சானா தலையைக் குனிந்துகொண்டாள். நித்தியா நிறுத்தவில்லை. மண்டோருக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்லை என்றாள். காலி இடம் ஏன் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. குழுவில் நாலு பேருக்கும் நானே நின்று விளக்கியவள், நர்சரியைக் காலை மாலை சுற்றுகிறவரிடம் மட்டும் ஆள் விட்டுச் சொன்னேன். அப்பாவிடம் வேலை பேசக்கூடாது என்று நினைத்து, மண்டோரிடமும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது என்றாள்.

யாரை அனுப்பினாள் என்று அவள் சொல்லவில்லை. பிறகு, தும்மலுக்கு மன்னிப்புக் கேட்ட அந்தச் செல்வா, ஓரடி முன்னால் வந்து, "ஆள்னா அது நான்தான், சார். பாதிதான் சொன்னேன்," என்றான். சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டான்.

அர்ஜுனன் முருகையாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அந்தத் தூரத்தை நடந்துவர முருகையா எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கன்று குலை தள்ளியிருக்கும். வந்து நின்றார்.

"நீங்கதான் வெச்சீங்களா?"

"ஆமாங்க. நான்தான்." அவர் மகளைப் பார்க்கவில்லை. "புள்ளைங்களுக்குத் தெரியாது. அது சொன்னதெல்லாம் சரிங்க."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்த மேனேஜர், அர்ஜுனன் கோபப்படாததைக் கண்டு தானும் கோபப்படாமல் இருந்துகொண்டார். அர்ஜுனன் வரிசையைக் காட்டினார். நாடா இல்லை, கழித்ததில் மிச்சமும் துண்டாகிவிட்டது. எது கழித்தது, எது கழிக்காதது என்று இப்போது எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

"கண்ணால, சார்," என்றாள் நித்தியா.

"சரி. என் முன்னாடி திரும்பக் கழிங்க. நீ சொல்லு. மத்தவங்க பார்த்து ஒத்துக்கணும். தூக்குறது மண்டோர்."

*

அதை ஒரு தண்டனையாக அவர் சொன்னாரா, வேலையாகச் சொன்னாரா என்று தோட்டத்தில் இன்றுவரை விவாதம் நடக்கிறது. முருகையா அதை வேலையாக எடுத்துக்கொண்டார். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முதல் வரிசையில் நிறுத்தினார்.

நித்தியா ஒவ்வொரு கன்றின் முன்னும் குனிந்தாள். இலை தண்டோடு சேரும் கோணத்தைப் பார்த்தாள், இலைகளின் இடைவெளியைப் பார்த்தாள், பக்கத்துக் கன்றோடு ஒப்பிட்டாள். இது என்று விரல் நீட்டுவாள். அஃப்சானா பார்த்துத் தலையாட்டுவாள். முருகையா குனிந்து பையைத் தூக்குவார்.

முதல் சில பைகளுக்கு செல்வா ஓடிவந்து கை கொடுக்கப் பார்த்தான். முருகையா முழங்கையால் தள்ளிவிட்டார். அவர் தூக்கும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சு ஒரு இடத்தில் தடுக்கி நின்று பிறகு போனது. நித்தியாவுக்கு அது கேட்டது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. குறைத்தால் இரக்கப்பட்டதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது வரிசையில் ஒரு கன்றின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, "இது எனக்குத் தெரியல," என்றாள். ஐவரும் சுற்றி நின்றார்கள். மூவர் இருக்கட்டும் என்றார்கள், இருவர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அதைத் தனியாக வைத்து அடுத்த மாதம் பார்ப்பது என்று முடிவானது. அர்ஜுனன் அப்போதுதான் முதல் முறையாகத் தலையாட்டினார்.

நடு வரிசையில் ஒன்று இருந்தது. கரும்பச்சை. ஈட்டி மாதிரி நிமிர்ந்து, மற்ற கன்றுகளைவிட ஒரு முழம் உயரம். யாரைக் கேட்டாலும் அந்த நர்சரியிலேயே அழகான கன்று அதுதான் என்பார்கள். நித்தியா விரலை நீட்டினாள்.

முருகையா குனிந்தவர், கையைப் பையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

"இதுவுமா?"

"இதுவும்தான்."

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கார் வந்ததிலிருந்து முதல் முறையாக நேராகப் பார்த்தார். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார், அர்ஜுனன் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் பாய்ச்ச வந்த ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகையா பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஈட்டி இலைகள் அவர் கன்னத்தில் உரசின. வண்டியில் படுக்கவைக்காமல், அந்த ஒன்றை மட்டும் நிற்கவைத்தார்.

"அடுத்தது எதுங்க?" என்று கேட்டார்.

அஃப்சானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நித்தியா அடுத்ததைக் காட்டினாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வரிசைகளில் மறுபடி காலி இடங்கள் இருந்தன.

*

அர்ஜுனன் காருக்குப் போகும் வழியில் நித்தியாவைத் தனியாக அழைத்தார். சுற்றி வளைக்கவில்லை. பயிற்சி மேற்பார்வையாளர் இடம் அவளுக்குத்தான், இந்த நர்சரியிலேயே, அடுத்த மாதத்திலிருந்து என்றார். அவள் நன்றி சொல்ல வாயெடுக்கும் முன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னொண்ணு இருக்கு. கழிச்ச கன்னு திரும்ப உள்ள போன நர்சரியை நான் அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. மண்டோர் இங்கேயே இருக்கலாமா, இல்ல காட்டு வேலைக்கு மாத்தணுமான்னு நாளைக்குப் பெரட்டுல நீ சொல்லு. நான் வருவேன்."

காட்டு வேலை என்றால் பனைவரிசைகளுக்குள் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களை மேய்ப்பது. முருகையாவின் வயதில் அது வேலை அல்ல, ஓய்வு கொடுப்பதற்கு வேறு பெயர்.

"எங்க அப்பான்னு தெரிஞ்சும் என்னைக் கேக்குறீங்களா, சார்?"

"தெரிஞ்சதாலதான். கதவைச் சாத்திக்கிட்டு நானும் மேனேஜரும் முடிவு பண்ணா, எப்படிப் பண்ணாலும் உன் தலையில ஒரு பேச்சு விழும். எல்லார் முன்னாலேயும் காரணத்தோட சொல்லு. காரணம் சரின்னா, என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன்."

"வேற யாராவது சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்," என்றார் அர்ஜுனன், பூட்ஸைக் கழற்றியபடி. "அப்ப அந்த இடத்துக்கும் வேற யாராவது."

*

தோட்டத்துச் செய்திக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம். நித்தியா வீட்டுக்கு வந்தபோது அது அவளுக்கு முன்பே வந்து, காப்பி குடித்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நவமணி தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், அப்பளத்தை வைத்தாள். எல்லாவற்றையும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். முருகையா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. செம்புத் தண்ணீரைத் தலைக்கு மேல் தூக்கக் கை வரவில்லை போலும்.

"அத்தனை பேர் முன்னாடி அப்பா பேரைச் சொன்னியாமே."

"கேட்டாங்கம்மா."

"பதவி கெடைச்சுதாமே."

நித்தியா சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நாளைக் காலை விஷயத்தையும் சொன்னாள். அம்மா கத்துவாள் என்று நினைத்தாள். நவமணி கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து, கைகளை மேசைமேல் வைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நானும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கழிக்கிறவதான். ஓட்டை இருந்தா எங்க அண்ணன் செஞ்ச கையுறையா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுவேன். நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா கையுறைக்கு மானம் கெடையாது, பாப்பா."

நித்தியாவிடம் இருந்தது கணக்குதான். அதை அவள் வழியெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அப்பா இருக்கட்டும் என்றால், மகள் காப்பாற்றினாள் என்பார்கள். அடுத்த முறை வேறொரு மண்டோர் தவறு செய்யும்போது அவளால் வாய் திறக்க முடியாது. மாற்றுங்கள் என்றால், நர்சரியை அவரைப் போலத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதுவும் உண்மை. இதில் எது காரணம், எது பாசம் என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. கன்றுக்காவது இலைக் கோணம் இருக்கிறது.

முருகையா ஈரத் தலையோடு உள்ளே வந்தார். அவர்கள் பேசியது பின்பக்கம் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, மறு கையை மாட்ட முடியாமல் நின்றார். நவமணி எழுந்து போய் மாட்டிவிட்டாள். அவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். மகளின் தட்டையும் பார்த்தார். அதில் சோறு பிசைந்தபடியே இருந்தது.

"சாப்பிடு," என்றார்.

அவள் ஒரு வாய் எடுத்தாள். பிறகு, அந்த வீட்டின் வழக்கத்தை மீறி, "அப்பா, நர்சரி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு பேசணும். நாளைக்குப் பெரட்டுல…" என்று தொடங்கினாள்.

முருகையா கையைத் தூக்கினார். கோபமாக அல்ல. பம்பை நிறுத்தச் சொல்லி ஆட்களுக்குக் காட்டுவாரே, அந்தக் கை.

"நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரிய வேணாம்மா," என்றார். "நான் எப்பவும் போலப் போய் என் ஆளுங்களோட நிப்பேன். அவங்க கேக்குறப்ப நானும் கேட்டுக்குறேன்."

சோற்றைப் பிசையத் தொடங்கினார். வலது கை மேலே வரவில்லை. குனிந்து, தட்டருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார்.